ஒரு கை செல்லாது

பெயர் கன்னியம்மா. வயது 41. கணவர் பெயர் சடையப்பன். கவரைப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு மேற்கே பள்ளிக்கூடத் தெருவில் குடியிருக்கிறேன். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். இன்று 2008 ஜூன் மாதம் 19ஆம் தேதி நீதித்துறை நடுவர் ஐயா முன்பு சொல்வது.

என் ஒரே மகள் ரம்யா, வயது 17, சென்ற மாதம் 23ஆம் தேதி தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டாள். அந்த நேரத்தில் நான் ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்ததாகப் போலீசிடம் முன்பு சொன்னேன். அது பொய். அதை மாற்றிச் சொல்லவே நானாக வந்திருக்கிறேன். நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம், இஷ்டமில்லை என்றால் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று ஐயா இரண்டு தடவை சொன்னார்கள். என் கணவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேன் ஆதிகேசவனுக்கும் நீச்சல் பழக்கிய தானியேல் மாஸ்டருக்கும் எதிராகச் சொல்லத்தான் நான் உள்ளே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

தானியேல் மாஸ்டர் பட்டாளத்தில் இருந்தபோது நீச்சல் போட்டிகளுக்குப் போனவர். என் மகள் கிணற்றில் தவளை நீச்சல் அடிப்பதைப் பார்த்து அவராகவே வந்து கேட்டு, நான்கு வருடமாகக் காசு வாங்காமல் பழக்கினார். எங்கள் பக்கம் நீச்சல் குளம் கிடையாது. மூடிக்கிடக்கும் ஒரு கம்பெனிக்குள் இயந்திரத்தைக் குளிர வைக்கக் கட்டிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம். மாஸ்டர் டேப் பிடித்து அளந்து, ஒரு பக்கம் பலகை கட்டித் தொங்கவிட்டு, இருபத்தைந்து மீட்டர் ஆக்கினார். போட்டிக் குளமும் அதே அளவுதான் என்றார். வாட்ச்மேன் ஆதிகேசவன் காலையில் கேட்டைத் திறந்துவிடுவார்.

அதன் பிறகு சென்ற வருடம் நவம்பர் மாதம் வெளிநாட்டில் நடந்த பெண்கள் போட்டிக்கு என் மகள் தேர்வாகி விமானத்தில் போனாள். நூறு மீட்டர், அதாவது நான்கு நீளம். மூன்று தடவை சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். தவளை நீச்சலில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரில் பட வேண்டும். ஒரு கை முந்திப் பட்டால் செல்லாது. என் மகள் எட்டுப் பேரில் மூன்றாவதாக வந்தாள், ஆனால் போர்டில் அவள் பெயர் வரவில்லை. மாஸ்டர் கொண்டுவந்த சிடியை நானும் கம்ப்யூட்டர் கடையில் பார்த்தேன். மூன்றாவது திரும்பலில் அவளுடைய வலது கை முதலில் படுகிறது. சுவர் ஓரம் வெள்ளைச் சட்டை போட்டு நின்ற ஆள் கையைத் தூக்குகிறார். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஷேர் ஆட்டோவில்கூட ஜனங்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். என் கணவரும், "அவ்ளோ தூரம் பிளேன்ல போயி, இன்னொரு கைய எங்க வச்சிகினு இருந்தாளாம்?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்டார். என் மகள் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள்.

அதன் பிறகு மாஸ்டர் என்னைப் பலகை ஓரம் உட்காரச் சொன்னார். "நீங்கதாம்மா ரெஃப்ரி. ரெண்டு கையும் ஒண்ணா படலன்னா செல்லாதுன்னு சொல்லுங்க. திரும்பப் போயி வரட்டும். பெத்தவளாச்சேன்னு பாவம் பாக்காதீங்க" என்றார். "வெள்ளச் சட்ட ஒண்ணு தச்சிக்கோம்மா, ஜம்முனு இருப்பே" என்று என் மகள் கிண்டல் செய்தாள். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம், நீந்தத் தெரியாது. பலகையைத் தொட்டுத் திரும்பியதும் அவள் தலையை வெளியே காட்டாமல் தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச தூரம் போவாள். முதல் நாள் அதைப் பார்த்து நான் அலறிவிட்டேன். "உள்ள இருக்கச்சே கத்தாதம்மா, அங்கதான் நான் டைம் புடிக்கிறேன்" என்றாள். அதன் பிறகு நான் கத்துவதில்லை. மனதுக்குள் ஐந்து எண்ணுவேன். ஐந்துக்குள் தலை வெளியே வந்துவிடும்.

மாஸ்டர் இல்லாத நாளில் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று அவர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். 23ஆம் தேதி அவர் அடுத்த போட்டிக்கு என் மகள் பெயரைக் கொடுக்க மெட்ராஸ் போயிருந்தார். அதற்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவளுக்கு முந்தைய இரண்டு நாள் காய்ச்சல். காலையில் வெறும் டீ குடித்தாள். "இன்னிக்கு வேணாம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். நான்தான் அழைத்துப்போனேன். கேட்டில் ஆதிகேசவன், "மாஸ்டர் வரலியா தங்கச்சி?" என்று கேட்டார். "பின்னால வந்துகினு இருக்காருண்ணா" என்று சொன்னேன். அதனால்தான் அவர் திறந்துவிட்டார். இதில் அவர்மேல் தப்பு இல்லை, மாஸ்டருக்கு விஷயமே தெரியாது.

அப்போது காலை ஆறரை மணி இருக்கும். என் மகள் பத்துப் பன்னிரண்டு தடவை போய்வந்தாள். நான்கு தடவை கை சரியாகப் படவில்லை என்று திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு வந்தபோது வலது கை மட்டும் பலகையைப் பிடித்தது. இடது கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான், "ஒரு கைதான்டி. செல்லாது. போ" என்று சொன்னேன்.

அவள் கையை எடுத்தாள். தண்ணீருக்குள் போனாள்.

நான் ஐந்து எண்ணினேன். தலை வரவில்லை. திரும்பியதும் அதிக நேரம் உள்ளே இருக்கப் பழகுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கத்தினால் அவள் டைம் கெட்டுவிடும் என்று கத்தவில்லை. பத்து எண்ணினேன். அதன் பிறகும் எண்ணினேன், எத்தனை என்று தெரியவில்லை. தொட்டியில் அலை அடங்கிவிட்டது. பலகை மட்டும் சுவரில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் கேட்கிறது. அப்புறம்தான் கத்தினேன். நான் இடுப்பளவு தண்ணீர் இருந்த படியில் இறங்கிக் கையை நீட்டினேன், எட்டவில்லை. ஆதிகேசவன் ஓடிவந்து யூனிஃபார்மோடு குதித்து அவளை மேலே கொண்டுவந்தார். வயிற்றை அமுக்கினார், நுரை வந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வேன் ஒன்றை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். "போயி ஊட்டுக்காரரக் கூட்டிக்கினு வாம்மா" என்று எனக்குச் சொன்னார்.

அதன் பிறகு நான் வீட்டுக்கு ஓடினேன். என் கணவர் நைட் ஷிஃப்ட் முடிந்து படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "நீ எங்கடி இருந்த?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை. ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், ஆள் வந்து சொன்னார்கள் என்று சொல்லிவிட்டேன். என் புடவை இடுப்புவரை நனைந்திருந்ததால் அவர் நம்பினார்.

ஆஸ்பத்திரியில் அவள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே போலீசிடமும் அதையே சொன்னேன். ஆதிகேசவன் சுவர் ஓரம் ஈரச் சட்டையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பக்கத்தில் யார் இருந்தது என்று அவரைக் கேட்டபோது, "யாருமில்ல சார்" என்றார். அதன் பிறகு என் கணவர் கொடுத்த புகாரில் அவரையும் மாஸ்டரையும் பிடித்து ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். ஆதிகேசவன் இன்றுவரை என் பெயரைச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். இரவில் என் கணவர் புரண்டு படுத்தால்கூட, தெரிந்துவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

இதை என் கணவருக்குப் படித்துக் காட்டுவீர்களா என்று ஐயாவைக் கேட்டேன். வழக்கோடு சேரும், ஒரு நாள் அவருக்குத் தெரியத்தான் செய்யும் என்றார்கள். சரி என்றேன். வெளியே போக வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

மேலே எழுதியது எல்லாம் நான் சொன்னதுதான். எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. எனக்குக் கையெழுத்துப் போட வரும், இன்று போட்டுப் பார்த்தேன், எழுத்து சேரவில்லை. அதனால் இடது கைப் பெருவிரலில் மை தடவி வைக்கச் சொன்னார்கள். ஒரு கை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்கள்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
கன்னியம்மா