எத்தன கிலோ தாங்கும்?

ஜாஹிதா: நேரா படுக்காதீங்க. குறுக்க படுங்கன்னு கடைக்காரர் எத்தன தடவ சொல்றாரு?

முஜிபுர்: குறுக்கதான்லா படுத்திருக்கேன்.

ஜாஹிதா: எங்க குறுக்க? வாழப்பழம் மாதிரி வளைஞ்சு கெடக்கீங்க.

ஹேமநாதன்: அண்ணே, தல இந்த ஓரத்துக்கு... காலு அந்த ஓரத்துக்கு. ஆ, அப்படித்தான். இப்ப முதுகு நேராச்சா?

முஜிபுர்: அட ஆமா பாஸ்! வலிக்கவே இல்ல.

ஹேமநாதன்: ஹேமநாதன் கடை ஹேமாக்னா, இந்தத் தொங்குற துணிப் படுக்கைன்னா சும்மாவா? இந்த உலு திராம் ஊர்ல கேட்டுப் பாருங்க. கேம்பிங் போறவங்க எல்லாம் இங்கதான் வருவாங்க.

ஜாஹிதா: இவரு போன வாரம் கூட்டாளி கிட்ட ஒரு கயித்து வல இரவல் வாங்கிட்டு வந்தாரு பாஸ். வாசல்ல கட்டி ஒரு மணி நேரம் படுத்தாரு. எந்திரிச்சா முதுகு பூரா கட்டம் கட்டமா கோடு. ரெண்டு நாளு தைலம் தேய்ச்சேன். அதான் நானே இழுத்துட்டு வந்துட்டேன். போறதுதான் போறீங்க, நல்லதா ஒன்னு வாங்கிட்டுப் போங்கன்னு.

ஹேமநாதன்: எங்கண்ணே போறீங்க?

முஜிபுர்: கோத்தா திங்கி காட்டுப் பக்கம். ஒரு ராத்திரிதான். செல்வான்னு, சிங்கப்பூர்ல என்கூட வேல செய்யிறவன்... அவன் கூப்பிட்டான்.

ஜாஹிதா: அவரு கூப்பிட்டாரா, நீங்க கூப்பிட்டீங்களா?

முஜிபுர்: ரெண்டும் ஒன்னுதான்.

ஜாஹிதா: அவரு சம்சாரம் தேன்மொழிக்கு ஒன்னுமே தெரியலையே. நேத்து போன்ல கேட்டேன். “காட்டுக்கா? மாடிப்படி ஏறுனாலே அவருக்கு மூச்சு வாங்கும்”னு சிரிக்குது.

முஜிபுர்: அது... இன்னும் வீட்ல சொல்லியிருக்க மாட்டான்.

ஹேமநாதன்: இப்ப மழ வேற அண்ணே. அட்ட நெறைய இருக்கும். சப்பாத்துக்குள்ளயே பூந்துரும்.

முஜிபுர்: அட்டையா?

ஜாஹிதா: பாருங்க மூஞ்சிய! பாஸ், வீட்ல ஒரு கொசு வந்தா போதும், லைட்டப் போட்டு என்னையும் எழுப்பி உக்கார வைக்கிற மனுசன் இவரு. கல்யாணமாயி பதினோரு வருசத்துல ஒரு நாள் கூட வெளிய படுத்ததில்ல.

முஜிபுர்: நீ மட்டும் என்ன ஒழுங்கா? சமையக்கட்டுல அஞ்சு கிலோ அரிசிப் பை பிரிக்காம கெடக்கு. பிரிக்கக் கத்திய எடுத்தா அதத் தொடாதீங்கன்னு அந்தக் கத்து கத்திட்டு, கடைக்குப் போயி வேற அரிசி வாங்கிட்டு வர்ற ஆளு நீ.

ஜாஹிதா: ...அது வேற அரிசி.

முஜிபுர்: அரிசில என்ன வேற அரிசி?

ஹேமநாதன்: அண்ணே, வீட்டுச் சண்டைய வீட்ல வச்சுக்குங்க. முன்ன சொந்தமா ஹேமாக் வாங்கியிருக்கீங்களா?

ஜாஹிதா: ஒன்னு வாங்குனாரு. ஆன்லைன்ல.

முஜிபுர்: அத விடு ஜாஹி.

ஜாஹிதா: ஏன் விடணும்? மலாய்ல ‘புவாயான்’னு தேடியிருக்காரு பாஸ். பார்சல் வந்துச்சு. நான்தான் பிரிச்சேன். பிரிச்சா...

ஹேமநாதன்: அலமாக்! கைப்பிள்ள தொட்டிலா?

ஜாஹிதா: ம். ஸ்பிரிங்கு, வல, கொக்கி... எல்லாம் இருந்துச்சு.

ஹேமநாதன்: மலாய்ல ஹேமாக்கு, தொட்டில் ரெண்டுக்கும் புவாயான்னுதானக்கா சொல்லுவாங்க. பாதிப் பேருக்கு இந்தக் கூத்து நடந்திருக்கு. வீட்ல பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சிருக்குமே?

ஜாஹிதா: வீட்ல... நாங்க ரெண்டு பேருதான் பாஸ்.

ஹேமநாதன்: ஓ... சரிக்கா. நான்... உள்ள போயி கொசுவல வச்சது எடுத்துட்டு வரேன்.

முஜிபுர்: அவருக்கு என்ன தெரியும் ஜாஹி. பாவம்.

ஜாஹிதா: நான் ஒன்னும் சொல்லலையே.

முஜிபுர்: மூஞ்சி சொல்லுதே.

ஜாஹிதா: மூஞ்சிய விடுங்க. அத திருப்பி அனுப்பிட்டீங்கல்ல?

முஜிபுர்: எத?

ஜாஹிதா: தொட்டில.

முஜிபுர்: அப்பவே அனுப்பிட்டேன்லா. மூணு வாரம் ஆச்சு.

ஜாஹிதா: எங்க போயி குடுத்தீங்க?

முஜிபுர்: அந்த... பெட்ரோல் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பார்சல் கடை இருக்குல்ல... அங்க.

ஜாஹிதா: ம். நல்லது.

ஹேமநாதன்: இந்தாங்க அண்ணே. சுத்தி வல, இதுல ஜிப்பு. உள்ள பூந்து இழுத்து விட்டீங்கன்னா கொசுவும் இல்ல, அட்டையும் இல்ல. ஒத்த ஆளுக்கும் இருக்கு, ரெண்டு ஆளுக்கும் இருக்கு.

ஜாஹிதா: எத்தன கிலோ தாங்கும்?

முஜிபுர்: ஆரம்பிச்சிட்டா! கிளினிக்ல கைப்பிள்ளைங்கள எடை போடுற வேலை பாஸ் இவளுக்கு. எதப் பாத்தாலும் கிலோதான்.

ஹேமநாதன்: ஒத்த ஆளுதுன்னா நூத்தி இருபது. ரெண்டு ஆளுது இருநூறு. தனியா படுத்தாலும் பெருசுதான் சொகம். துணி அகலம், நல்லா குறுக்க படுக்கலாம்.

முஜிபுர்: எனக்கு ஒத்த ஆளுது போதும்.

ஜாஹிதா: பெருசு குடுங்க பாஸ்.

முஜிபுர்: செல்வாவ பக்கத்துல போட்டுக்கச் சொல்றியா? அவன் கொறட்டைக்கு மரமே சாஞ்சிரும்!

ஹேமநாதன்: அக்காவும் ஏறிப் பாருங்க. ஒன்னும் ஆகாது. ஒன்னே ஒன்னு... கயித்த இழுத்து இறுக்கிக் கட்டக் கூடாது. கொஞ்சம் தொங்க விடணும். இறுக்கிக் கட்டுறவங்களுக்குத்தான் முதுகு போயிரும்.

ஜாஹிதா: நானா? கடையிலயா? ஆளுங்க பாப்பாங்க.

முஜிபுர்: யாரு இருக்கா இங்க? ஏறு.

ஜாஹிதா: இருங்க, தலையில போட்ட துடோங் மாட்டிக்கிச்சு... ஐயோ ஆடுது... ஆடுதுங்க!

முஜிபுர்: அசையாத. என் பக்கம் சாஞ்சுக்க. ஆ... இப்ப?

ஜாஹிதா: ...நல்லாத்தான் இருக்கு.

ஹேமநாதன்: போன் அடிக்குது. நீங்க அப்படியே ஆடிட்டு இருங்க, வந்துர்றேன்.

ஜாஹிதா: எத்தன நாளாச்சு, பகல்ல இப்படி ஒன்னா படுத்து. காலையில நாலரைக்குச் சிங்கப்பூர்ப் பாலம் தாண்ட ஓடுறீங்க. ராத்திரி வந்தா சாப்புடக் கூட கண்ணு தொறக்க மாட்டேங்குது...

முஜிபுர்: ஜாஹி.

ஜாஹிதா: ம்.

முஜிபுர்: செல்வா கூப்பிடல.

ஜாஹிதா: தெரியும்.

முஜிபுர்: கேம்பிங்கும் இல்ல.

ஜாஹிதா: அதுவும் தெரியும். உங்களுக்கு எங்க காடு? அட்டைன்னதும் வெளுத்துட்டீங்களே.

முஜிபுர்: அந்தத் தொட்டில்... அது தப்பா வரல. தொட்டில்தான் வேணும்னு பாத்துப் பாத்து வாங்குனேன். நீ முன்னாடி நின்னு பிரிச்சிட்ட. உன் மூஞ்சி போன போக்கப் பாத்ததும்... வாயில என்ன வந்துச்சோ அதச் சொல்லிட்டேன். ஹேமாக்கு, கேம்பிங்கு, செல்வா...

ஜாஹிதா: ஏன் வாங்குனீங்க?

முஜிபுர்: என் தங்கச்சி தஸ்லிமா வீட்ல, அவ பிள்ளைக்கு முடி எறக்குன அன்னிக்கு... நீ அந்தத் தொட்டில விட்டு நகரவே இல்ல. எங்க வாங்குனன்னு கேட்ட. ஸ்பிரிங்கு எத்தன கிலோ தாங்கும்னு கேட்ட. வண்டியில வர்ற வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. இனிமே பிள்ளைக்கு வைத்தியம் பாக்க ஒன்னும் இல்ல, வர வேணாம்னு டாக்டர் சொன்னதுலேருந்து நீ அழவும் இல்ல ஜாஹி. எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல. வீட்ல ஒரு தொட்டில் தொங்குனா... யாராச்சும் வழி தெரிஞ்சு வந்துருவாங்களோன்னு... பைத்தியக்காரத்தனம்.

ஜாஹிதா: பைத்தியம்தான்.

முஜிபுர்: திருப்பி அனுப்பவும் மனசு வரல. பின் ரூம்பு அலமாரி மேலதான்...

ஜாஹிதா: பெரிய பெட்டிக்குப் பின்னாடி. பச்சப் பையில சுத்தி.

முஜிபுர்: ...எடுத்துப் பாத்தியா?

ஹேமநாதன்: என்னண்ணே, முடிவு பண்ணிட்டீங்களா? ஒத்தையா, ரெட்டையா?

ஜாஹிதா: ரெட்டதான் பாஸ். கட்டிக் குடுங்க.

முஜிபுர்: கேம்பிங்கே இல்லன்னு இப்பதான சொன்னேன்!

ஜாஹிதா: இனிமே இருக்கு. நீங்களும் நானும் போறோம். அட்ட கடிச்சா கடிக்கட்டும்.

ஹேமநாதன்: அப்படிச் சொல்லுங்கக்கா! கயிறும் சேத்து எடுத்து வைக்கிறேன்.

முஜிபுர்: ஜாஹி... நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல. எடுத்துப் பாத்தியா?

ஜாஹிதா: தெனமும் மாட்டுறேங்க. நீங்க கெளம்பிப் போனதும் பின் ரூம்பு கொக்கியில மாட்டி, நான் கிளினிக் போற வரைக்கும்... ஆட்டிக்கிட்டு இருப்பேன். வெறுந்தொட்டில ஆட்டக் கூடாதுன்னு எங்க உம்மா சொல்லும். அதான் அந்த அரிசிப் பைய உள்ள வைக்கிறேன். அஞ்சு கிலோ... சரியா ரெண்டு மாசப் பிள்ள எடை. அதப் போயி கத்திய வச்சுப் பிரிக்கப் பாத்தீங்களே...