அறுபதைத் தாண்டாத வண்டி

இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. நின்றபடியே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த இடுப்பு.

அன்று காலை ஷெட்டில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று நர்ஸம்மாவின் சின்னக் கார். லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுக்கும், மேடு வந்தால் மூச்சு வாங்கும். மற்றது பல் டாக்டரின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். ஆக்சிலேட்டரில் கால் வைத்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். புது டப்பா ஒன்றுதான் இருந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம். பெரிய வண்டியில் இறக்கிய ஆயிலை வடிகட்டி வைத்து, சின்ன வண்டிக்கு ஊற்றுவோம். ஊருக்குள் ஓட அது போதும்.

"மத்தியானம் மலைக்குக் கிளம்பறோம்ணே," என்றார் நர்ஸம்மா. "மாமியார், ரெண்டு பொண்ணுங்க, மூட்டை முடிச்சு எல்லாம் இதுலதான். தாங்குமா?"

"ஆமை மாதிரி போற வண்டிக்கு என்னம்மா ஆகப்போகுது?"

"ஆமையோ நத்தையோ, நீங்க பாத்தீங்கன்னா எனக்குப் பயமில்ல." சிரித்துக்கொண்டே சொன்னார்.

யோசித்துத்தான் புது டப்பாவை டாக்டர் வண்டிக்கும், அதில் இறக்கிய பழசை நர்ஸம்மா வண்டிக்கும் ஊற்றினேன். இருநூறில் பறக்கிற வண்டிக்கு நல்ல பிரேக் வேண்டுமா, அறுபதைத் தாண்டாத வண்டிக்கா? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பழைய ஆயில் ஈரம் குடித்திருக்கும், நீண்ட இறக்கத்தில் கொதிக்கும், பெடல் பஞ்சாகித் தரையைத் தொடும். அது எனக்குத் தெரியும். டாக்டர் தன் வண்டியை நாற்பதுக்கு மேல் விரட்டியதில்லை என்பதும் தெரியும்.

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. டாக்டர் சாயங்காலம்தான் வருவார். பைபாஸில் நூற்றெழுபதைத் தொட்டேன். பிரேக்கை மிதித்தேன். கோடு கிழித்த இடத்தில் நிற்பதுபோல் நின்றது. மனசு லேசாக இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது அப்படி ஓட்ட வேண்டும், ஐயா. ஓட்டப்போவது நான்தான் என்பது டப்பாவைத் திறக்கும்போதே எனக்குத் தெரியும்.

மறுநாள் அவர்கள் மலையிலிருந்து திரும்பி இறங்கும்போது ஏழாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி தடுப்புச் சுவரோடு பள்ளத்துக்குப் போய்விட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மூத்த பெண் மட்டும் பிழைத்தாள் என்றும் சொன்னீர்கள்.

புது ஆயிலுக்கான காசை நர்ஸம்மா முழுசாகக் கொடுத்திருந்தார். அதை நான் மறைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு டப்பா பிரேக் ஆயில் பாக்கி.