நிக்கல் என்ற குதிரையோடு நான் கொடுத்த தாள்

பெயர்: டார்லா ஸ்டுட்ஸ்மன். வயது: 53. தொழில்: குட்டைக் குதிரைகளை வளர்த்துப் போட்டிக்குத் தயார் செய்தல். முகவரி: பழைய மில் சாலை, மில்ஃபோர்க், ஒஹாயோ. நாள்: 2019 ஜனவரி 28, காலை 10.15. பதிவு செய்தவர்: துணை ஷெரிஃப் பெத் கோலர்.

நான் மேற்கண்ட முகவரியில் இருபத்திரண்டு வருடங்களாக வசித்து வருகிறேன். என்னை யாரும் இங்கே அழைக்கவில்லை. ஆர்லோ க்ரைடர் என்பவர் தன் குதிரையைக் கொடுமைப்படுத்தியதாக இந்த அலுவலகம் பதிந்துள்ள வழக்கு சம்பந்தமாக நானாகவே வந்து சொல்கிறேன்.

மேற்படி குதிரை என் பண்ணையில் பிறந்தது. கொட்டிலில் அதற்கு நிக்கல் என்று பெயர். எங்கள் போட்டிகளில் பிடரி மயிரின் கடைசி முடி முளைக்கும் இடத்தில் கோல் வைத்து உயரம் அளப்பார்கள். முப்பத்து நான்கு அங்குலத்துக்கு மேல் போனால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். நிக்கல் நான்கு வருடம் பரிசு வாங்கினான். ஐந்தாவது வருடம் கால் அங்குலம் கூடிவிட்டான். கால் அங்குலம்தான், அதோடு அவன் பிழைப்பு முடிந்தது. எனக்குக் கொட்டிலில் இடம் இல்லை.

அதன் பிறகு 2018 அக்டோபர் 14-ம் தேதி ஆர்லோ க்ரைடர் வந்து நிக்கலைத் தர முடியுமா என்று கேட்டார். அவருக்கு எழுபத்து நான்கு வயது, பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், இடுப்பு எலும்பில் அறுவை ஆனதால் கோல் ஊன்றித்தான் நடப்பார். இதுவரை குதிரை வளர்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். பணம் வாங்காமல் கொடுத்தேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்டார். கொட்டில் கதவில் என் வேலையாட்களுக்காக மாட்டியிருந்த, பிளாஸ்டிக் உறை போட்ட தாளைக் கழற்றிக் கொடுத்தேன். அது என் கையெழுத்து. குதிரையோடு நீங்கள் எடுத்து வந்த பொருட்களின் பட்டியலில் "ஒரு தாள்" என்று இருப்பது அதுதான்.

போட்டிக் குதிரைக்கும் வீட்டுக் குதிரைக்கும் வளர்ப்பில் என்ன வித்தியாசம் என்று அதிகாரி கேட்டார். போட்டிக் குதிரைக்குக் குளிர்காலத்திலும் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் விளக்கு எரிய வேண்டும், கோடை வந்துவிட்டது என்று உடம்பு நம்பி முடியை உதிர்க்கும். மிச்ச முடியை ஆறு வாரத்துக்கு ஒரு முறை மெஷினால் ஒட்ட வழித்துவிட வேண்டும், மூக்கு மீசை உட்பட. அதனால் குளிரும், ஆகவே இரண்டு கம்பளி. காலையும் மாலையும் ஒரு பவுண்டு தானியக் கலவை, மேலே குதிரைமசால் என்ற தீவனத் தழை. இவ்வளவும் தாளில் உண்டு. வீட்டுக் குதிரைக்கு இதில் ஒன்றுகூட ஆகாது. முடியைக் கரடி மாதிரி வளர விட வேண்டும், வெறும் காய்ந்த புல் போதும், தானியம் கொடுத்தே தீருவேன் என்பவர்கள் ஒரு பிடி கொடுக்கலாம், துணைக்கு ஓர் ஆடாவது இருக்க வேண்டும். ஜாதி ஒன்றுதான், பிழைப்பு வேறு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளைக் கொடுத்தேன்.

தாளில் இல்லாத ஒன்றும் உண்டு. அவ்வளவு தானியம் தின்னும் குதிரையைத் தினமும் இருபத்தைந்து நிமிடம் வட்டத்தில் விட்டு ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் தின்றது காலில் இறங்கும், குளம்புக்குள் வீங்கும். என் பண்ணையில் ஓட்டுவது எப்போதும் நான்தான், வேறு யாரையும் விட்டதில்லை. எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்வேனா? ஆகவே அது எந்தத் தாளிலும் கிடையாது.

அதன் பிறகு டிசம்பர் 20-ம் தேதி அவர் தொலைபேசியில் அழைத்தார். டெக்சாஸ் போட்டிக்குப் போகும் குதிரை ஒன்றை நான் வழித்துக்கொண்டிருந்தேன், மெஷினை நிறுத்தவில்லை. அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது.

"ஏம்மா டார்லா, நிக்கல் முன்னங்காலு ரெண்டையும் முன்னாடி நீட்டிக்கிட்டு, பின்னால சாஞ்ச மாதிரி நிக்கிறான். பாதி நேரம் படுத்தே கெடக்கான். இது சரியாம்மா?"

இந்தத் தொழிலில் ஆறு மாதம் இருந்த யாரிடம் கேட்டாலும் அது குளம்பு வீக்கம் என்று சொல்லிவிடுவார்கள். நான் சொன்ன பதில் இது.

"சோம்பேறிப் பய அவன். நீங்க பயப்படாதீங்க, தாள்ல இருக்கிறத அப்படியே செய்ங்க."

அதன் பிறகு ஜனவரி 4-ம் தேதி மறுபடி அழைத்தார். மறுநாள் வழிக்க வேண்டிய நாள் என்றும், குதிரை நடுங்குகிறது, இந்த ஒரு தடவை முடியை விட்டுவிடலாமா என்றும் கேட்டார். என் பண்ணையிலிருந்து போன குதிரை கம்பளிப் பூச்சி மாதிரி நின்றால் பார்க்கிறவர்கள் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நான் கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டார், நான் அல்ல. 5-ம் தேதி அவர் வழித்திருக்கிறார்.

அதன் பிறகு ஜனவரி 18-ம் தேதி காலையில் தபால்காரர் அந்தப் பக்கம் போனபோது, முடி வழித்த குதிரை கம்பளி நழுவிப் பனியில் படுத்துக் கிடந்ததைப் பார்த்துப் புகார் கொடுத்தார். தபால்காரர் மேல் தப்பில்லை. ஆனால் அதை யாரும் பனியில் தள்ளவில்லை. குளம்பு எரியும் குதிரை தானாகவே பனியைத் தேடிப் போகும். அன்றே நீங்கள் நிக்கலை எடுத்துச் சென்றீர்கள். நான் டெக்சாஸிலிருந்து 21-ம் தேதிதான் திரும்பினேன். தீவனக் கடையில் வைத்துச் சொன்னார்கள். முதலில் எனக்கு வந்த நினைப்பு, தாளில் என் பண்ணைப் பெயர் இருக்கிறதா என்பது. இல்லை என்று நினைவு வந்ததும் மூச்சு வந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

22-ம் தேதி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். வழிக்கவும் தீனி போடவும் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அதிகாரி கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நானாகத்தான் செய்தேன் என்று சொன்னாராம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கோபமாகவே கேட்டேன்.

"உன் பொழப்பு அதுதானேம்மா. பேரு கெட்டா யாரு உங்கிட்ட குதிரைய விடுவா? எனக்கென்ன, நான் கெழவன். தாள்ல இருந்தத ஒழுங்கா செஞ்சேன்னுதான் நெனச்சேன். எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல."

அவர் எங்கும் தப்புப் பண்ணவில்லை. உங்களிடம் இருக்கும் தாளை உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அக்டோபர் 15 முதல் ஜனவரி 17 வரை தொண்ணூற்றைந்து நாளும், காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்று என்று பென்சில் கோடு போட்டிருப்பதாகச் சொன்னார். என் வேலையாட்கள் ஒரு வாரம்கூட அப்படிச் செய்ததில்லை. என் சொல்லை இவ்வளவு நம்பிய ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குதிரை பிழைக்கும், ஆனால் ஒரு வருடம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆள் இல்லையென்றால் ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் நல்லது என்று உங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். க்ரைடர் மேல் குற்றம் உறுதியானால் அவர் இனி எந்த விலங்கும் வளர்க்கக் கூடாது. நீங்களே பார்த்துக்கொள்ளலாமே என்று அதிகாரி என்னிடம் கேட்டார். என்னிடம் பதினான்கு போட்டிக் குதிரைகள் இருக்கின்றன. தொலைபேசியில் இரண்டு நிமிடம் நின்று கேட்காதவள் நான். நிக்கலை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிச் சொன்னால் வழக்கு என் பக்கம் திரும்பக்கூடும் என்று அதிகாரி எச்சரித்தார். வக்கீல் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், எழுதுங்கள் என்று சொன்னேன்.

கடைசியாக ஒன்று. கொட்டிலில் அழுக்கடைந்த தரைவிரிப்பு கிடந்ததாக உங்கள் அறிக்கையில் சுகாதாரக் கேடு என்ற தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள். 22-ம் தேதி நான் அவர் வீட்டு முன்னறை வழியாகத்தான் வெளியே வந்தேன். தரை முழுக்க வெறும் பலகை, ஓரத்தில் ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்தன. விரிப்பு எங்கே என்று கேட்டேன். நிக்கலுக்குத் தரையில் கால் வைக்க முடியவில்லை, அதனால் கத்தியால் அறுத்து எடுத்துப் போய் மூன்று அடுக்காகப் போட்டேன் என்றார். அந்த இடுப்போடு எப்படி மண்டியிட்டு அறுத்தார் என்று நான் கேட்கவில்லை. குளம்பு வீங்கிய குதிரைக்குக் காலடியில் மெத்தென்று எதையாவது போடுங்கள் என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் சொல்வார். அது என் தாளில் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அந்தத் தொண்ணூற்றைந்து நாளில் நிக்கலுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. பயத்தாலோ யாருடைய தூண்டுதலாலோ சொல்லவில்லை. இதன் ஒரு நகலை என்னிடம் குதிரை விட்டிருக்கும் எல்லோருக்கும் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

(ஒப்பம்) டார்லா ஸ்டுட்ஸ்மன்