முள் இறங்கவில்லை

— பாப்பா, அந்தாளைக் கையைத் துடைச்சிட்டுத் தொடச் சொல்லு. எண்ணெய்க் கையோட என் ரேடியோ செட்டைத் தடவறான்.

— ஏங்க, அப்பா கையைத் துடைச்சுக்கச் சொல்றாரு.

— ரெண்டு தரம் துடைச்சாச்சு. இது எண்ணெய் இல்ல, பிறந்ததுல இருந்தே இந்த நிறம்தான்னு ஐயாகிட்ட சொல்லு.

— அப்பா, அது பிறவி நிறமாம்.

— காதுல விழுந்துச்சு.

— காதுல விழுதுல்ல? அப்புறம் நடுவுல நான் எதுக்கு? உங்களுக்கும் அவருக்கும் நடுவுல இருக்கறது ஒரு மேஜை. அவர் வந்ததுல இருந்து நின்னுட்டே இருக்காரு. ஒரு நாற்காலி காட்டினீங்களா?

— வேலை செய்யறவன் நின்னுதான் செய்யணும். இந்த அறைக்குள்ள காலை வைக்க விட்டதே பெரிசு. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு.

— நீங்களா விட்டீங்க? இருக்கற மெக்கானிக் எல்லாரும் ‘அந்தக் காலத்து வால்வு செட்டா, கண்ணாடி அலமாரியில வைங்க சார்’னு கையை விரிச்சப்புறம் விட்டீங்க. சொந்த மாப்பி…

— பாப்பா! அந்த வார்த்தை இந்த வீட்டுல வேண்டாம்.

— நீ விடும்மா. வந்த வேலையை மெதுவா பார்ப்போம், சரிங்களா? ஐயாவுக்கு நோய் என்னன்னு கேளு. செட்டுக்கு.

— அப்பா, செட்டுக்கு என்ன நோய்?

— முதல்ல அவனுக்கு வால்வுக்கும் வாழைக்காய்க்கும் வித்தியாசம் தெரியுமான்னு கேளு.

— வால்வு வேலை பழக்கமான்னு கேட்கறாரு.

— எங்கப்பா வச்சிருந்த மைக் செட் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வால்வுதான். அதுல கை சுட்டுத்தான் தொழில் பழகினேன். வாழைக்காயும் தெரியும். ரெண்டையும் சூடா இருக்கறப்ப தொடக்கூடாது.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நோயைச் சொல்றேன், கேட்டுக்கச் சொல்லு. மைக்குல பட்டனை அமுக்கினா நாம பேசலாம், விட்டா எதிர்ப்பக்கம் பேசறதைக் கேட்கலாம். அதுதானே இந்தப் பெட்டிக்கு வேலை? மூணு மாசமா, பேசறது போகுது. பட்டனை விட்டா ஒரு சத்தம் வரமாட்டேங்குது. ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கு.

— அதாவது பேச மட்டும் தெரியும், அடுத்தவங்க சொல்றதைக் கேட்கத் தெரியாது. வளர்த்தவங்க புத்திதானே வரும்.

— பாப்பா!

— ஊமையாவே இருந்துடுமா, திரும்ப உயிர் வருமான்னு கேளு.

— பக்கவாட்டுல ஓங்கி ஒரு தட்டு தட்டினா ‘டக்’குனு வந்துடும்.

— தட்டலைன்னா?

— தட்டற வரைக்கும் அப்படியே கிடக்கும். அரை மணி, முக்கால் மணி.

— அவ்வளவு நேரம் தட்டாம ஐயா என்ன பண்ணிட்டிருப்பாராம்?

— அது அந்தாளுக்கு எதுக்கு? வைத்தியன் நாடியைப் பார்த்தா போதும். வீட்டு விவகாரம் வேண்டாம்.

— நான் சொல்றேங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இவர் நண்பர்கள் எல்லாம் அவங்கவங்க வீட்டு செட்டுல இருந்து காத்துல கூடுவாங்க. இவர்தான் அதுக்குத் தலைவர். எல்லாரும் பேசி முடிச்சப்புறமும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே தனியா முணுமுணுன்னு உட்கார்ந்திருப்பாரு. நான் சமைச்சு வச்சிட்டு நம்ம வீட்டுக்குக் கிளம்பற வரைக்கும் கதவு திறக்காது.

— கணக்கு பார்ப்பேன்.

— என்ன கணக்கு?

— கணக்கு!

— சரி, சரி. எதிர்ப்பக்கம் இருக்கறவங்களுக்கு ஐயா குரல் நல்லா போகுதாமா?

— ஒண்ணு விடாம கேட்குதுங்கறாங்க. போன வாரம்கூடக் கேட்டேன். ‘எல்லாம் தெளிவா கேட்குது அண்ணே’ன்னு போஸ்ட் மாஸ்டர் சொல்றாரு. பல் டாக்டர் மூக்கை உறிஞ்சறான். ‘கவலைப்படாதீங்க அண்ணே, சீக்கிரம் எல்லாம் நல்லபடியா முடியும்’னு ஆறுதல் வேற. ரேடியோ ரிப்பேருக்கு எவனாவது துக்கம் விசாரிப்பானா, பாப்பா?

— அவங்களுக்கும் வயசாகுதுப்பா.

— இது ரிலே கோளாறுதான். சின்ன சுவிட்ச். பேசறப்ப ஒரு பக்கம் சாயும், கேட்கறப்ப மறுபக்கம் சாயணும். தேய்ஞ்சு போனா எங்கயாவது ஒட்டிக்கும். எந்தப் பக்கம் ஒட்டுதுன்னு பார்த்தாதான் தெரியும்.

— நடுவுல நின்னுட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாயறதா? அப்ப அது நான்தான். நானும் தேய்ஞ்சுதான் போயிருக்கேன்.

— சிரிச்சது போதும்னு சொல்லு அந்தாளை.

— சிரிக்கலை. மீட்டர் முள்ளைப் பார்க்கறேன். முள்ளுக்குப் பின்னால விளக்கு எரியலையே. இது போய் எவ்வளவு நாளாச்சாம்?

— அதுவும் மூணு நாலு மாசம் இருக்கும். இந்த அளவு பல்பு இப்ப யார் விக்கறான்?

— என் பையில ஒண்ணு இருக்கு. இருட்டுல நாடி பார்க்க முடியாது. இந்தா, ஆச்சு. போட்டுப் பார்க்கச் சொல்லு.

— ம். முள்ளு தெரியுது.

— நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?

— முள்ளு தெரியுதுன்னுதானே சொன்னேன்.

— அடுத்து, ஏரியல் ஒயரைக் கழட்டிட்டு அந்த இடத்துல நூறு வாட்ஸ் பல்பை மாட்டிக்கலாம். பேசினா காத்துல போகாது, பல்பு எரியும். சோதனைக்கு அதுதான் முறை.

— முறையை எனக்குச் சொல்லித் தர்றானா? என் குரல் பல்பு எரிக்கறதுக்கு இல்ல. ஏரியல் இருக்கற இடத்துல இருக்கட்டும்.

— யாராவது கேட்டுடுவாங்க ஐயா.

— ஆறு மணிக்கு முன்னால அங்க ஈ காக்கா இருக்காதுன்னு சொல்லு பாப்பா.

— ஈ இல்லையாம், காக்காவும் இல்லையாம்.

— சரி. மூடியைச் சாத்தினபடியே, பட்டனை அமுக்கி ஏதாவது பேசச் சொல்லு.

— ஒன்று. இரண்டு. மூன்று. சோதனை. ஓவர். விட்டுட்டேன். பாரு, முள்ளு இறங்கிடுச்சு, இரையுது. நல்லாத்தானே இருக்கு?

— டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிடும். செட்டு சூடாகட்டும். இன்னும் கொஞ்சம் பேசட்டும்.

— ஒன்று. இரண்டு. மூன்று. ஓவர்.

— அய்யோ, இந்த இரைச்சல்ல மண்டை வெடிக்குது. சத்தத்தைச் சுத்தமா குறைக்கறேன்.

— கடைசியா ஒரு தரம் பேசிட்டு மைக்கை அப்படியே மேஜையில வைக்கச் சொல்லு.

— ஒன்று, இரண்டு, மூன்று! நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பையனா? வச்சிட்டேன், போதும்னு சொல்லு.

— போதும்ங்க. சீக்கிரம் முடிங்க. இன்னைக்கு ஞாயிறு, ஆறு மணி ஆயிட்டா நான் மூச்சுகூட விடக்கூடாது.

— ஏன்?

— நான் வெளிநாட்டுல படிச்சுட்டிருக்கேன்ல.

— என்னது?

— உங்களுக்குத் தெரியாதா? இவர் கூட்டாளிங்ககிட்ட நாலு வருஷமா அதான் கதை. மக என்ன பண்றான்னு கேட்டாங்களாம். வெளிநாட்டுல பெரிய படிப்புன்னு சொல்லிட்டாரு. வீட்டை விட்டு அனுப்பினது பத்தாதுன்னு காத்துலயும் நாடு கடத்திட்டாரு. ஞாயித்துக்கிழமை சமையல்கட்டுல கரண்டி விழுந்தாகூட, ‘வேலைக்காரம்மா’ன்னு சொல்லுவாரு.

— அந்தக் கதையில நான் யாரு?

— நீங்களா? நீங்க இல்லவே இல்ல.

— பாப்பா, வாயை மூடு.

— எதுக்கு மூடணும்? இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.

— வேற என்னன்னு சொல்லச் சொல்றே? கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக் கட்டறவனோட போயிட்டாள்னா? உன் பாட்டன் வாசல்ல வந்து நின்னா எதிர்வீட்டுக்காரன் எழுந்து நிப்பான். நம்ம வீட்டுப் பேருக்குன்னு ஒரு எடை இருக்கு.

— அந்த எடையைத் தூக்கிட்டு நடக்கறது நான்தானே அப்பா? நீங்க உட்கார்ந்திருக்கீங்க.

— நீ விடும்மா. முதல் நாள் இதே வீட்டு வாசல்ல ‘மாமா’ன்னு ஒரே ஒரு தரம் கூப்பிட்டேன். ‘யாருக்கு யாருடா மாமா’ன்னாரு. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இன்னைக்கு உனக்காக வந்தேன். செட்டைச் சரி பண்ணிட்டுப் போயிடறேன்.

— கேட்டீங்களா அப்பா? இனிமே ரிலே கிடையாது. ரெண்டு பேரும் நேரா பேசுங்க, இல்ல ஊமையாவே இருங்க. நான் வாசல்ல நிக்கறேன்.

— பாப்பா! எங்க போறே? பாப்பா!

— போயிட்டா. ஐயா, மூடியைத் தூக்கறேன். பதில் வேண்டாம், தகவலுக்குச் சொன்னேன்.

— சுவரே, உன்கிட்டதான் சொல்றேன். பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைத் தூக்கறதுதான் முறை.

— சுவரே, நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லிடறேன். பிளக்கைப் பிடுங்கினா ரிலே விட்டுடும், எங்க ஒட்டுதுன்னு தெரியாமலே போயிடும். மூடியைத் தூக்கினா ஹை வோல்டேஜ் தானா நின்னுடறதுக்கு கம்பெனிக்காரன் ஒரு சுவிட்ச் வச்சிருக்கான். சர்க்யூட் படத்துல பார்த்துட்டுத்தான் வந்தேன். பயம் இல்ல, சரிங்களா.

— சுவரே, படத்துல இருக்கறதெல்லாம் பெட்டியில இருக்கணும்னு இல்ல.

— சுவரு சொல்றது எனக்குக் கேட்காது. மனுஷன் சொன்னா கேட்கும்.

— பாப்பா! உள்ள வா! பாப்பா!

— வரமாட்டா. உங்க பிடிவாதம்தானே அவளுக்கும். ஆங், தெரியுது. பெரிய வால்வுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. ரெண்டு விரலை விட்டா எட்டிடும்.

— முள்ளு… முள்ளு ஏன் இறங்கலை?

— யாரைக் கேட்கறீங்க? சுவரையா?

— முள்ளு இறங்கலை! பாப்பா! டேய் மைக் செட்டு… மாப்பிள்ளை! கையை எடுங்க! எண்ணூறு வோல்ட் ஓடுது மாப்பிள்ளை, அந்த சுவிட்ச்சை நான் கட்டிப் போட்டிருக்கேன்!

— எடுத்துட்டேன்.

— ரெண்டு கையும். ரெண்டு கையையும் எனக்குக் காட்டுங்க.

— இந்தாங்க. படலை. ஒரு விரக்கடை இடைவெளி இருந்துச்சு, அவ்வளவுதான்.

— என்ன? என்ன ஆச்சு? அப்பா, இப்ப இவரை என்னன்னு கூப்பிட்டீங்க?

— ஒண்ணும் கூப்பிடலை.

— வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

— வால்வு எரியறதைப் பார்க்கற ஆசையில, மூடி இல்லாமலே ஓட்டறதுக்கு அந்த சுவிட்ச்சை ஒரு கம்பியால சேர்த்துக் கட்டினேன். எனக்குத் தெரியும், அது போதும்னு இருந்துட்டேன். இதுல இன்னொரு கை படும்னு நினைக்கவே இல்ல.

— உட்காருங்கப்பா. தண்ணி கொண்டு வர்றேன் உங்களுக்கு.

— எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவருக்குத் தண்ணி கொண்டு வா.

— ‘அவருக்கு’?

— தண்ணி கொண்டு வான்னேன்!

— தண்ணி அப்புறம். மூடியைச் சாத்திட்டேன். மாமா.

— ம்.

— முள்ளைப் பாருங்க. நான் பேசப் பேச ஆடுது.

— ஆடுது.

— நீங்க ஏதாவது சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல… அட கடவுளே, எனக்கும் ஆடுது.

— என்னங்க ஆடுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— ரிலே பேசற பக்கமே ஒட்டி நிக்குது. கடைசி ‘ஒன்று, இரண்டு, மூன்று’ல இருந்தே நிக்குது. நீ சத்தத்தைக் குறைச்சு வச்சதால நமக்குத் தெரியலை. அப்ப இருந்து இந்த அறையில பேசினது எல்லாம் காத்துல போயிருக்கு.

— எல்லாமா? வெளிநாடு, வேலைக்காரம்மா, சுவரு…

— எல்லாம். இதுவும்.

— ஈ காக்கா இருக்காதுன்னீங்களே அப்பா. கடிகாரத்தைப் பாருங்க. ஆறு தாண்டிடுச்சு.

— தாண்டிடுச்சா? போச்சு. எல்லாரும் வந்திருப்பாங்க. நாலு வருஷம் கட்டிக் காத்த மானம். இனிமே எந்த வாயால ‘வணக்கம் நண்பர்களே’ன்னு சொல்லுவேன்?

— தட்டட்டுமா மாமா? தட்டினா விட்டுடும்.

— வேண்டாம். தட்டினா அவங்க பேசுவாங்க.

— தட்டலைன்னா நாம பேசறது போயிட்டே இருக்கும்.

— ரெண்டு பக்கமும் அடிதானே எனக்கு?

— அப்பா, நகருங்க. நான் தட்டறேன். இப்படித்தானே? ம்ம்! ‘டக்’குனு சத்தம் வந்துச்சு.

— முள்ளு இறங்கிடுச்சு.

— சத்தத்தைக் கூட்டட்டுமாப்பா?

— கூட்டு. இந்த வயசுல இதையும் கேட்டுட்டுப் போறேன்.

— யாரோ பேசறாங்க.

— போஸ்ட் மாஸ்டர் குரல். எல்லாரும் சும்மா இருங்க.

— …அண்ணே, போஸ்ட் மாஸ்டர் பேசறேன், எல்லாரும் இருக்கோம். சொன்னா நீங்க கூசிப் போவீங்கன்னுதான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கலை. மூணு மாசமா, வாரா வாரம் கதவைச் சாத்திக்கிட்டு ‘வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை’ன்னு நீங்க தனியா சொல்லிச் சொல்லிப் பழகினதை நாங்க இங்க மூச்சு விடாம கேட்டுட்டுத்தான் இருந்தோம். இன்னைக்கு ‘மாப்பிள்ளை’ வந்துடுச்சு, பல் டாக்டர் இங்க கண்ணைத் துடைக்கிறாரு. ‘உட்காருங்க’ மட்டும் இன்னும் எங்களுக்குக் கேட்கலை அண்ணே. ஓவர்.