முத்திரை வைக்க மறுத்தவருக்கு

ஐயமே அணிகலனாய், அயராமையே அடையாளமாய், முப்பத்தோராண்டு லிஃப்ட் கதவுகளை இயக்கும் எங்கள் நகோயா கணினி நிரல் பிரிவின் நிம்மதியைக் கெடுத்த நேர்மையின் நெருப்பே! அம்மையீர் குராஹாஷி ஃபுமிகோ அவர்களே! பணி ஓய்வு பெறும் உங்களை வணங்குகிறோம். ஓய்வெடுப்பீர்களா என்பதில்தான் எங்களுக்குச் சந்தேகம்.

கதவு என்ற தாய் நிரலிலிருந்து எத்தனை சேய் நிரல்களைப் பிறப்பித்தோம்! வீட்டுக் கதவு, கடைக் கதவு, மருத்துவமனைக் கதவு. தாயின் குணங்களை உரிமையாகப் பெற்ற சேய், தாய் நின்ற இடத்தில் நின்றால் தாய் செய்ததையே செய்ய வேண்டும். செய்யும் என்று நாங்கள் நம்பினோம். நீங்கள் ஒன்றைக்கூட நம்பவில்லை.

சென்ற வசந்தத்தில் நம் பிரிவின் ஓனுகி எழுதிய மருத்துவமனைக் கதவுக்கு ஒப்புதல் முத்திரை வைக்க மறுத்தீர்கள்.

"அம்மா பேரைப் போட்டுக்கிட்டுத்தானே வந்திருக்கு, குராஹாஷி-சான்? அப்புறம் என்ன?" என்றார் ஓனுகி.

"பேரு யாரு வேணாலும் போட்டுக்கலாம். அம்மா எடத்துல நிக்க வெச்சுக் காட்டுங்க," என்றீர்கள்.

அன்று உணவகத்தில் நாங்கள் பேசியதை இன்று ஒப்புக்கொள்கிறோம்: "ஓனுகி மேல வந்துடுவாருன்னு இந்தம்மாவுக்கு வயித்தெரிச்சல்!"

ரோஷத்தோடு ஓனுகி சோதனைக் கோபுரத்து லிஃப்டில் தாமே ஏறினார். தாயின் இடத்தில் சேயை வைத்து, 'திற' என்று கட்டளையிட்டோம். 'திறந்தாயிற்று' என்றது திரை. கதவு அசையவில்லை. திறக்கும் வேலையைப் பிறகு எழுதலாம் என்று வெற்றாக விட்டு, பதிலை மட்டும் எழுதி வைத்ததை அவர் அடியோடு மறந்திருந்தார். நாற்பத்து மூன்று நிமிடம் உள்ளிருந்து தட்டினார். அங்கே மூச்சுத் திணறும் நோயாளி ஒருவர் கிடந்திருந்தால்? உங்களைச் சந்தேகித்ததற்கு வெட்கப்படுகிறோம்.

இனி உங்கள் நாற்காலியில் ஓனுகி அமர்கிறார். பழக்க தோஷம், அவரையும் சந்தேகித்தோம். மேலதிகாரியின் முத்திரையை வணங்குவதுபோல் தம் முத்திரையைச் சாய்த்து வைப்பது நம் அலுவலக மரியாதை. அதற்கும் வளையாத கை உங்களுடையது. இவர் கை எப்படியோ என்று, இம்மடலின் முதல் வரைவை அவரிடம் நீட்டினோம்.

"நாப்பது நிமிஷம்னு யாரு எழுதினது? நாப்பத்தி மூணு! உள்ள நின்னு தட்டுனவன் நான். திருத்திட்டு வாங்க, அப்புறம் முத்திரை."

திருத்தினோம். வைத்தார்.

நலமும் நீண்ட ஆயுளும் நல்லுறக்கமும் பெற்று நீடு வாழ்க, அம்மையீர்! நீங்கள் ஏறும் லிஃப்டெல்லாம் சொன்ன சொல்லுக்குத் திறக்கட்டும்!

இவண்,
சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட
கதவு நிரல் பிரிவினர், நகோயா

முத்திரை: ஓனுகி. மேலாளர் முத்திரைக்குப் பக்கத்தில், சாயாமல்.