பூச்சட்டி வைத்த கட்டை

"அய்யய்யோ, கட்டை மேல பூச்சட்டிய வெச்சிருக்காங்கடி!"

பதுளையில் கிளம்பிய ரயில் ஹாலிஎலையைத் தாண்டியதும் எதிர் இருக்கைப் பெண் போனைப் பார்த்து அலறினார். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கட்டைக்கா?"

"எங்க வீட்டுக்காரரு ஓட்டுன பழைய பஸ்ஸ வாங்கி, வீடாக்கி, தெனம் வீடியோ போடுறாங்களே அந்தப் புருஷன் பொஞ்சாதி! அதுல ஹேண்ட் பிரேக் நிக்காது. சரிவுல நிப்பாட்டுனா டயருக்குக் கட்டை வெக்கணும். விக்கிறப்பவே சொல்லி, கட்டையவும் கையில குடுத்துதான் அனுப்புனாரு. இவங்க வார்னிஷ் அடிச்சு உள்ள வெச்சிருக்காங்க!"

"பஸ் எங்க நிக்குது?"

"அப்புத்தளை ஏத்தத்துல. இப்ப லைவ் போகுது."

"போன் போடுக்கா!"

"போட்டேன். கட் பண்ணிட்டு டீ ஊத்துறா... அடியே, அவ பின்னால பஸ் ஜன்னல்ல பாரு, தேயிலச் செடி நகருது!"

"பஸ்தான்க்கா நகருது! எறங்குங்கன்னு எழுது!"

"எழுதிட்டேன். மத்தவங்க எல்லாம் ஹார்ட்தான் போடுறாங்க."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. சிக்னல் போய்விட்டது. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் படம் திரும்பி வந்தது.

"மண்மேட்டுல முட்டி நிக்குது. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி!"

"பூச்சட்டி?"

"தூள் தூளா போச்சு. கட்டை அப்படியே கெடக்கு. அந்தா, அவன் கட்டையத் தூக்குறான்."

"இப்பவாச்சும் டயருக்கு வெக்கிறானா?"

"இல்லடி. தொடச்சிட்டு வேற சட்டிய வெக்கிறான்."