சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்த அறை

வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். மேல் மலையிலேர்ந்து சாந்தா ரீத்தா டவுனுக்கு இறங்குற மண் ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. புருஷனும் பொண்டாட்டியும் மட்டும் நடந்து வர்றாங்க. அவளுக்கு நிறைமாசம். கொஞ்சம் நடக்குறா… நிக்கிறா. இடுப்பைப் பிடிச்சுக்கிறா. மறுபடி நடக்குறா.

அந்த விறகை உள்ள தள்ளுங்கப்பா, புகை கண்ணுல அடிக்குது. மழை இப்படியே கொட்டினா நாளைக்குக் காப்பிக்கொட்டை காயப்போட முடியாது, பகல் பூரா தூங்கலாம். அந்தத் தைரியத்துலதான் இதைச் சொல்றேன்.

அந்த ஆளு பேரு உபால்தோ. போன வருஷம் நம்மகூட மூட்டை தூக்கினானே எவாரிஸ்தோ, அவன் தங்கச்சி நிக்கோலாசாவைக் கட்டினவன். போன வாரம் பார்த்தப்ப எவாரிஸ்தோ நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டுத்தான் எனக்கு இதைச் சொன்னான்.

"அவன் சாராயம் குடிச்சாலும் சிலுவை போட்டுக்கிட்டுத்தான்யா குடிப்பான்."

சிரி தொரிபியோ, சிரி. இப்பவே சிரிச்சு முடிச்சுக்கோ.

நிக்கோலாசாவுக்கு இது ரெண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை இதே ரோட்டுலதான் போச்சு. மழையில மண்ணு சரிஞ்சு வண்டி நின்னுபோச்சு. ஆஸ்பத்திரி விளக்கு கீழே கண்ணுக்குத் தெரியுது… அவ்வளவு கிட்ட. அந்தப் பிள்ளையைப் புதைச்ச அன்னைக்கே உபால்தோ மனசுல முடிவு கட்டிட்டான். அடுத்தது தங்கினா, வலி வர்றதுக்கு முன்னாலயே டவுன்ல போய் உக்காந்துடணும்னு.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு சின்ன விடுதி. நடத்துறவ பேரு சபீனா. சிரிச்சு யாரும் பார்த்ததில்ல. உபால்தோ சிக்னல் கிடைக்கிற பாறை மேல ஏறி நின்னு அவளுக்குப் போன் போட்டான். இந்த வெள்ளிக்கிழமைக்குப் பத்து நாளைக்கு முன்னால அது.

"ரூம் இருக்கு. பின்கட்டுல. அடுத்த வாரம் சனிக்கிழமையிலேர்ந்து எடுத்துக்கோ."

"அதுக்கு முந்தி கிடைக்காதாம்மா? என் சம்சாரத்துக்கு மாசம் ஆயிடுச்சு…"

"சனிக்கிழமைன்னா சனிக்கிழமை. ஒரு நாள் முந்தி வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். பேர் என்ன? கேக்கல. கத்திச் சொல்லு."

கத்திச் சொன்னான். தன் பேரு, அவ பேரு ரெண்டையும். சபீனாவும் அதைத் திருப்பிக் கத்தினா. அவ குரலுக்குப் பின்னால யாரோ ஆணி அடிக்கிற சத்தம்… டக். டக். டக்.

"என்னம்மா சத்தம்?"

"உனக்காகத்தான் ரூமைக் காலி பண்றேன்"னு சொல்லி வெச்சுட்டா.

வலி சனிக்கிழமைக்குக் காத்திருக்குமா? வெள்ளிக்கிழமை மத்தியானமே பிடிச்சுக்கிச்சு. அதான் அந்த நடை.

கீழே வந்து சேர்ந்தப்ப நல்ல இருட்டு. ஊர்ல திருவிழா. மரிம்பா வாசிக்கிறான், வெடி வெடிக்கிறான், தரையெல்லாம் தூவின பைன் இலை. ஆஸ்பத்திரி கேட்டுல இருந்த நர்ஸம்மா நிக்கோலாசா வயித்தை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துச்சு. "இன்னும் நேரம் இருக்கு. படுக்க கட்டில் இல்ல. வலி நெருக்கினா வா"ன்னு கேட்டைச் சாத்திடுச்சு. ஊர்ல வேற ரெண்டு விடுதி. ஒருத்தன் அவ வயித்தைப் பார்த்தான், அவ கட்டியிருந்த மலைக்காரப் பாவாடையைப் பார்த்தான். "மெத்தையைப் பாழாக்குறதுக்கா வந்தே?"ன்னான். இன்னொருத்தன் நாயை அவிழ்த்து விட்டான்.

கடைசியில சபீனா வீடு. தட்டினான். உள்ளே செருப்புச் சத்தம் வந்துச்சு… நின்னுச்சு. கதவு ஒரு சாண் திறந்துச்சு.

"சனிக்கிழமைன்னுதானே சொன்னேன்?"

"வலி வந்துடுச்சும்மா…"

"அது என் தப்பா? போ. காலையில வா."

கதவைச் சாத்தப் போனா. உபால்தோ காலை உள்ளே வெச்சுட்டான். நம்ம மாதிரி மூட்டை தூக்குற காலு, நசுங்கிச்சு, ஆனா எடுக்கல. அந்த நேரம் நிக்கோலாசா படியிலேயே மடிஞ்சு உக்காந்துட்டா. சபீனா அவளைப் பார்த்தா. தெருவைப் பார்த்தா.

"வாசல்ல பெத்துப் போட்டா நான்தானே கழுவணும். எந்திரி. விளக்கு கிடையாது. கட்டிலை நகர்த்தக் கூடாது. சத்தம் போடக் கூடாது. விடிஞ்சதும் வெளிய."

பின்கட்டு ரூம். ஜன்னல் இல்ல. ஒரே ஒரு இரும்புக் கட்டில். உள்ளே கால் வெச்சதுமே ஒரு வாசனை… அணைஞ்ச மெழுகுவத்தி, அழுகின செவந்திப்பூ. அதுக்கு அடியில இன்னொன்னு. புதுசா வெள்ளையடிச்ச வீட்டுல வருமே, அந்தக் காரம். மூக்கு எரியற மாதிரி. சரி, ரூமைச் சுத்தம் பண்ணியிருக்கான்னு உபால்தோ நினைச்சுக்கிட்டான். அவளைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு, கதவுல சாஞ்சு உக்காந்தான்.

வெளியே மரிம்பா ஓஞ்சுது. நாய் ஓஞ்சுது.

அப்பத்தான் கேட்டுச்சு.

மடக்… மடக்… மடக்.

தண்ணி குடிக்கிற சத்தம். மெதுவா… தொண்டை காஞ்சவங்க குடிக்கிற மாதிரி.

"நிக்கோலாசா, தண்ணி ஏதுடி உனக்கு?"

"நான் குடிக்கலையே"ன்னா அவ. குரல் சன்னமா வந்துச்சு. "நீதான் குடிக்கிறேன்னு நினைச்சேன்."

ரெண்டு பேரும் மூச்சை அடக்கிட்டாங்க. சத்தம் நிக்கல. கட்டிலுக்குக் கீழேயிருந்து வருது. கடைசி மடக்கு. அப்புறம் கண்ணாடி தரையில உரசுற சத்தம். அப்புறம், ரொம்பத் தெளிவா, ஒரு கிழவி குரல்…

"இறங்குடி."

உபால்தோ தீக்குச்சியைக் கிழிச்சான். ரெண்டு குச்சி ஒடிஞ்சுது. மூணாவது பத்திக்கிச்சு. குனிஞ்சு பார்த்தான்.

கட்டிலுக்கு அடியில, தரையில, வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புச் சிலுவை. ஆள் நீளத்துக்கு. தலைமாட்டுல காஞ்ச பூ. ஒரு கண்ணாடி டம்ளர். காலி.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எல்லார் வீட்லயும் போட்டிருக்கோம், அள்ளியிருக்கோம். செத்தவங்களைக் கிடத்துன இடத்துல சிலுவை. புதைச்ச மறுநாள்லேர்ந்து ஒன்பது ராத்திரி ஜெபம். அது முடிஞ்சு அந்தச் சுண்ணாம்பை அள்ளி இடுகாட்டுல சேர்க்கிற வரைக்கும் அந்த உசுரு அங்கேயேதான் கிடக்கும். தாகத்துக்குத்தான் டம்ளர்ல தண்ணி. அந்த இடத்துல நாயைக்கூடப் படுக்க விடமாட்டோம். சபீனா பிள்ளைத்தாச்சியைப் படுக்கப் போட்டிருக்கா.

யாருன்னு தெரியாம யாருக்காக ஜெபம் பண்றது? உபால்தோ ஓடினான். சபீனா ரூம் கதவை ரெண்டு கையாலயும் இடிச்சான்.

"யாரும்மா செத்தது? பேரைச் சொல்லு!"

உள்ளேயிருந்து அவ திறக்காமலே பேசினா. "என் அக்கா. லியோன்சியா."

"ஒன்பதாவது ராத்திரி முடியலையா?"

"இன்னைக்குத்தான். திருவிழான்னு ஜெபத்துக்கு ஒருத்தி வரல. காலையில அள்ளலாம்னு சிலுவை மேலயே கட்டிலை இழுத்துப் போட்டேன். சனிக்கிழமைன்னு உனக்கு எதுக்குச் சொன்னேன்? எனக்கு வேற வேலை இல்லாமலா?"

"அந்த அம்மா குரல் கேக்குது. எங்களை இறங்கச் சொல்லுது…"

உள்ளே செருப்புச் சத்தம் கதவுகிட்ட வந்துச்சு.

"கேக்கும். நீ போன் பண்ணினப்ப அவ அந்தக் கட்டில்லதான் கிடந்தா. உடம்பு சூடுகூட ஆறல. முற்றத்துல பெட்டிக்கு ஆணி அடிக்கிறான். நான் பக்கத்துல நின்னுதான் உங்க பேரைக் கத்தினேன். காது இன்னும் அடைஞ்சிருக்காது போல… யாரு வரப்போறாங்கன்னு அவளுக்குத் தெரியும். உசுரோட இருந்தப்பவே அந்த ரூமை ஒருத்தருக்கும் விட மாட்டா."

உபால்தோ திரும்பி ஓடினான். ஓடுறப்பவே அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி ஜெபம் பண்ணினானாம். பாதி ஜெபம் மறந்துபோச்சாம்.

ரூம்ல நிக்கோலாசா கட்டில்ல இல்ல. மூலையில, செவத்தோட செவமா ஒட்டி நின்னுக்கிட்டிருந்தா. கண்ணு கட்டிலையே பார்க்குது. இவன் குச்சியைக் கிழிச்சான். கட்டில் யாரும் படுக்காமலே நடுவுல குழிஞ்சிருந்துச்சு.

தரையைப் பார்த்தான். சிலுவை கலைஞ்சிருக்கு. அதுலேர்ந்து வெள்ளை வெள்ளையாக் காலடி. சின்னக் கால், கிழவி கால், விரல் கோணினது. ஒவ்வொன்னா வந்து… நிக்கோலாசா முன்னால வந்து நிக்குது. அவ கால்விரலோட விரல் ஒட்டுற மாதிரி.

திரும்பிப் போன தடம் இல்ல.

குச்சி அணைஞ்சுது.

அவளை முதுகுல தூக்கிக்கிட்டு ஓடினான். கேட்டை உதைச்ச உதையில நர்ஸம்மா திறந்துடுச்சு. விடியக்காலையில பொறந்துச்சு. பொண்ணு. உசுரோட. நல்லா கத்தி அழுதுச்சாம். உபால்தோ ஆஸ்பத்திரி வராந்தாவுல மண்டி போட்டு அழுதானாம். ரோட்டுல போகல, பாருங்க. இந்தப் பிள்ளை ரோட்டுல போகல.

துணியில சுத்தி அவன் கையில கொடுத்தாங்க. அவன் பிள்ளை காலைத் தொட்டுப் பார்த்தான். கை எரிஞ்சுது. பிள்ளையோட உள்ளங்கால் ரெண்டும் வெள்ளை. நர்ஸம்மா ஈரத்துணி வெச்சுத் துடைச்சுது. போச்சு. "ஏதோ மாவு"ன்னு சொல்லுச்சு.

விடிஞ்சு சபீனா தொடப்பமும் முறமும் எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்குப் போயிருக்கா. அள்ளுறதுக்கு அங்க ஒன்னுமே இல்லையாம். தரை சுத்தமா கிடந்துச்சாம். அன்னைக்குச் சாயங்காலமே வேற ஆளுக்கு வாடகைக்கு விட்டுட்டா. அந்த வீட்லயே அதுதான் இப்ப அமைதியான ரூமாம். தூக்கம் நல்லா வருதாம்.

என்ன தொரிபியோ, சிரிப்பைக் காணோம்?

"குளுருதுய்யா. போர்வையை இழுக்காதே."

அந்தப் பிள்ளைக்கு இப்ப மூணு வயசு. வளர்த்தி எல்லாம் சரியா இருக்கு. ஆனா பேச்சு வரல. அம்மான்னு சொல்லல, அப்பான்னு சொல்லல. கட்டில்ல படுக்காது. தூங்கினப்புறம் தூக்கிப் போட்டாலும் எழுந்திரிச்சு அடியில போய்டும். தலைமாட்டுல ஒரு டம்ளர் தண்ணி இருக்கணும், இல்லைன்னா அழுகை. அதுக்கும் பழகிட்டாங்க. பிள்ளைன்னா ஆயிரம் இருக்கும்னு.

போன மாசம் எவாரிஸ்தோ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை. எல்லாரும் படுத்தாச்சு. நிக்கோலாசா கட்டில்ல, பிள்ளை கட்டிலுக்கு அடியில. இருட்டுல மடக்கு மடக்குன்னு தண்ணி குடிக்கிற சத்தம். அப்புறம் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம். அப்புறம் அந்தப் பிள்ளை முதல் தடவையா வாயைத் திறந்து பேசுச்சாம். மழலை இல்ல. டவுன்காரங்க பேச்சு, தேஞ்ச குரல்.

"இறங்குடி, நிக்கோலாசா. இன்னும் சனிக்கிழமை ஆகல."